கல்லில் இல்லாத பெயர்

போன மாதம் நீங்கள் ஐந்து பேரும் என்னைப் பார்க்கப் புனேக்கு வந்திருந்தபோது கேட்ட முதல் கேள்வி, கல்லில் எழுத்தை எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்பது. இரண்டாவது கேள்வி, எந்தக் கல் வெயிலில் நிறம் மாறாமல் இருக்கும் என்பது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அதையெல்லாம் கல் வெட்டுகிறவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்லிவிடுவார். நான் சொல்ல நினைத்ததைச் சொல்வதற்குள் உங்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சாலையோரத்தில் வரலாற்றுக் கற்கள் வைக்கும் வேலைக்கு உங்களை எடுத்திருக்கிறார்கள். இந்த இடத்தில் இன்னது இருந்தது, இன்னது நடந்தது என்று நான்கு வரி எழுதி, கல்லில் வெட்டி, நடைபாதை ஓரத்தில் நட்டுவிட்டு வருகிற வேலை. அதே வேலையைத்தான் நான் இந்த ஊரில் ஒரு சிறிய அறக்கட்டளையில் செய்து ஓய்வு பெற்றேன். புனேயின் கட்கிப் பகுதியில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மராத்தி. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் கல்லுக்கான வாசகம் எழுதுவதுதான் எனக்கு வேலை. தமிழில் எழுதும் சந்தர்ப்பம் இந்த வேலையில் எனக்கு ஒரு நாளும் வாய்த்ததில்லை.

எங்கள் மேலதிகாரி ஒரு மராத்திப் பெண்மணி. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் மேடம் என்போம், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் எனக்குச் சளைத்தவர் இல்லை. நான் மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள், அவருக்கு அது மூக்குவரை வருவதற்குள்ளேயே வெடித்துவிடும். ஆனால் ஒரு வாசகம் எழுதிக்கொண்டு போனால், அதை மேசையில் வைத்துப் படிக்கவே மாட்டார். கல் வரப்போகிற இடத்துக்கு என்னை அழைத்துப்போய் நிற்க வைத்து, "வாய்விட்டுப் படி" என்பார். நான் நடைபாதையில் நின்று உரக்கப் படிப்பேன். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், வடாபாவ் சாப்பிடுபவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவருக்காவது புரியாமல் நெற்றி சுருங்கினால் அந்த வரியை மாற்றச் சொல்வார். நல்ல வழக்கம். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வழக்கத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. நான் படித்ததெல்லாம் மராத்தியிலும் ஆங்கிலத்திலும். அந்த இரண்டும் தெரியாதவர் அங்கே நின்றிருந்தால் அவர் நெற்றி சுருங்கியதா என்று பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

சாங்வி பக்கம் ஆற்றை ஒட்டிப் போகும் சாலையில் ஒரு வளைவு இருக்கிறது. பிளேக் நோய் இந்த ஊரை ஆட்டிவைத்த காலத்தில், நோய் கண்டவர்களையும் அவர்கள் வீட்டாரையும் பிரித்துக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு வைத்தார்கள். அப்படிப்பட்ட கொட்டகைகள் அந்தப் பக்கமும் இருந்தன. உள்ளே போனவர்களில் பலர் திரும்பவில்லை. பார்க்கப் போன உறவினர்களைக் கிட்ட விடவில்லை. அந்த இடத்தைப் பற்றித்தான் கல். நான் எழுதிய வாசகத்தின் கடைசி வரி, "இங்கே இறந்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது" என்பது. அறக்கட்டளைக் குழுவில் சிலர் எதிர்த்தார்கள். தெரிந்ததைத்தான் கல்லில் வெட்ட வேண்டும், தெரியாததை எதற்கு வெட்டுவது என்றார்கள். மேடம் எனக்காகச் சண்டை போட்டார். அந்த வரி நின்றது. கல்லும் வந்து நின்றது.

திறப்பு விழா எதுவும் அப்போது நடத்தவில்லை. மழை தொடங்கிவிட்டது. நட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இந்த வேலையில் யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம் சொல்கிறேன். நாம் வைக்கும் கல்லை யாரும் படிக்க மாட்டார்கள். மனது நொந்துபோகும். பைக்கைச் சாய்த்து நிறுத்துவார்கள். வேலைக்கு ஆள் எடுக்கிற நோட்டீஸை ஒட்டுவார்கள். பான் போட்டுத் துப்புவார்கள். ராத்திரி பகலாகத் தேடி, மாற்றி மாற்றி எழுதி, ஒரு வரிக்காகக் குழுவில் தொண்டை கிழியக் கத்தி வைத்த கல்லின் மேல் ஒருவன் ஈரத் துண்டைக் காயப் போட்டிருப்பான். பார்த்துப் பார்த்து நாங்கள் மரத்துப்போயிருந்தோம்.

அதனால்தான், மழைக்குப் பிறகு கற்களைச் சுற்றிப் பார்க்கப் போன எங்கள் பியூன் அந்த வளைவிலிருந்து போனில் ஒரு படம் அனுப்பியபோது, ஆபீசே எழுந்து நின்றது. கல் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. தலைப்பில் மஞ்சளும் குங்குமமும். மேலே ஒரு முழம் மல்லிகை. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. யாரோ தினமும் வந்து பூ வைக்கிறார்கள்!

மேடம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நெகிழ்ந்துபோனார். "பார்த்தியா? ஒரு வீட்டுல இன்னும் ஞாபகம் இருக்கு. பாட்டனுக்குப் பாட்டன் அந்தக் கொட்டகையில செத்திருப்பான். கதையா வழிவழியா வந்திருக்கும். இப்ப ஒரு கல்லு கிடைச்சதும் பூ கொண்டு வராங்க" என்றார். நாங்கள் ஒருவர்கூட, அப்படித்தானா என்று கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறோம்? இத்தனை வருஷமாக எந்தக் கல்லுக்கும் கிடைக்காத அன்பு கிடைத்திருக்கிறது. பசித்தவன் இலையில் சோறு விழுந்தால் யார் வீட்டுச் சோறு என்றா விசாரிப்பான்?

உடனே விழா வைக்க முடிவாயிற்று. பெரிய அதிகாரி ஒருவர் வந்து கல்லை முறைப்படி திறந்து வைப்பார், பூ வைக்கிற குடும்பத்துக்கு மேடையில் மரியாதை. இந்த ஊரில் மரியாதை என்றால் சால்வையும் தேங்காயும். பியூன் காலையிலேயே போய் வளைவில் காத்திருந்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்துத் தெருவில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிற ஒரு பெண். பியூனுக்குத் தமிழ் தெரியாது, அந்தப் பெண்ணுக்கு மராத்தி தெரியாது. இருவருக்கும் தெரிந்த அரைகுறை இந்தியில், கல்லுக்கு விழா, பெரியவர்கள் வருகிறார்கள், உனக்குச் சால்வை போடப் போகிறார்கள், வந்துவிடு என்று சொல்லிவிட்டு வந்தார். மதராஸி அம்மா என்று அவர் சொன்னபோதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டாமா? கன்டோன்மென்ட் பக்கம் பழைய தமிழ்க் குடும்பங்கள் உண்டே, அப்படி ஒன்றாக இருக்கும் என்று எங்களுக்குள்ளேயே சமாதானம் சொல்லிக்கொண்டோம். வேண்டியதை நம்புவதற்குக் காரணம் தேடவா வேண்டும்.

விழா அன்று காலை பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் தயார். பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தார். மேடம் என்னைக் கூப்பிட்டு, "அந்த அம்மா வந்துட்டாங்க. உன் பாஷைதான். அவங்க முன்னோரைப் பத்தி ரெண்டு வார்த்தை கேட்டு எழுதிக் கொடு, மேடையில சொல்லணும்" என்றார். அதிகாரி வருவதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அந்த அம்மா பந்தலின் ஓரத்தில் நின்றிருந்தார். கடை மடிப்புக் கலையாத புதுப் புடவை. அவரைச் சுற்றி ஒரு கூட்டம். கணவர், மகள், மருமகன், தெருவில் கூட இருக்கிற நம் ஊர்க்காரர்கள். ஆண்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டை. நான் தமிழில் பேசியதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நீங்க தமிழாக்கா! நம்ம பாசைல பேசறவங்க இந்த ஆபீசுல இருப்பாங்கன்னு நான் கனவுலயும் நெனைக்கல. எம் பேரு பச்சையம்மா. செஞ்சி பக்கம்."

"உங்க முன்னோர் யாராவது ரொம்பக் காலத்துக்கு முன்னாடி இங்க இருந்தாங்களாம்மா?"

"முன்னோரா?" என்று சிரித்தார். "அவங்கள்லாம் ஊருலதாங்க்கா மண்ணுக்குள்ள இருக்காங்க. இங்க எங்களுக்கு யாரு? எம் புள்ளதான் இருக்கான்."

"புள்ளயா?"

"ஏழுமலை. தோ இந்த வளைவுலதாங்க்கா. சாப்பாடு குடுக்கற வேலைக்கி வண்டியில போய்க்கினு இருந்தான். மண்ணு லாரி வளைச்சி அடிச்சிட்டான். தோ, அந்தக் கம்பத்துக்கிட்ட. நான் ஓடியாந்து பாக்கறேன், சாப்பாட்டுப் பை மட்டும் கெடக்குது." கம்பத்தின் பக்கம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "அப்பறம் நான் ஏறாத படியில்லக்கா. இங்க வேகத்தடை போடுங்க, எம் புள்ள வுழுந்த எடத்துல ஒரு கல்லு வையுங்கன்னு கட்சி ஆபீசுல மனு குடுத்தேன். அழுதேன். ஹோ ஜாயேகா அம்மா, ஆயிடும் ஆயிடும்னாங்க. நான் நம்பல. பாத்தா, மழைக்கி முன்னாடி நீங்க வந்து கல்லு நட்டுட்டுப் போறீங்க! இந்த ஊருல ஏழைக்கி யாரு செய்வாங்க? உங்க புள்ளகுட்டிங்கள்லாம் நல்லா இருக்கணும்."

அவர் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூட இருந்தவர்கள் எல்லாரும் என்னைக் கும்பிட்டார்கள். அடக் கடவுளே, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறோம்!

அவருக்கு வந்த தவறு எப்படி வந்தது என்று புரிகிறதா? மராத்தி எழுத்துத் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. பிள்ளை விழுந்த இடத்தில் கல் கேட்டார். அதே இடத்தில் கல் வந்தது. வேறு என்ன நினைப்பார்? எங்களுக்கு வந்த தவறுக்குத்தான் அப்படிப்பட்ட நியாயம் எதுவும் இல்லை. எல்லா எழுத்தும் தெரிந்த கூட்டம் நாங்கள்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு மேடத்தைத் தேடி ஓடினேன். பந்தலுக்குப் பின்னால் இழுத்துப்போய்ச் சொன்னேன். கார்ச் சத்தம் கேட்டது, அதிகாரி வந்துவிட்டார். நிகழ்ச்சித் தொகுப்பாளர் கையில் இருந்த அட்டையில், 'கொட்டகையில் மாண்டவர்களின் வழித்தோன்றல்' என்று பச்சையம்மாவைப் பற்றி ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

"மேடைக்குக் கூப்பிடாமல் விட்டுவிடலாமா?" என்று கேட்டேன்.

"புதுப் புடவை கட்டிக்கிட்டு வந்திருக்கா. ஜனத்தைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கா. கூப்பிடாம விடறதா? வாயைக் கழுவு" என்று சீறினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் நின்றார். "அந்தப் பையன் பேரு என்ன சொன்னே?"

"ஏழுமலை."

"ஏளுமலை."

"ழ, மேடம். நாக்கை மடிச்சு."

அவர் உதட்டுக்குள் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே மேடை ஏறினார். தொகுப்பாளரிடமிருந்து அட்டையை வாங்கிக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். தானே ஒலிபெருக்கி முன்னால் நின்றார். கல்லின் வாசகத்தைக் கடைசி வரிவரை படித்தார். பிறகு மராத்தியில் சொன்னார்: "இந்தக் கொட்டகைகளில் இறந்தவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஆனால் இதே வளைவில், இந்த வருஷம் லாரி மோதி இறந்த ஒரு பையனின் பெயர் தெரியும். அவன் பெயர் ஏழுமலை. இவர் அவனைப் பெற்றவர். இந்தக் கல்லைத் தினமும் கழுவிப் பூ வைக்கிறவர்."

ழகரம் அத்தனை சுத்தமாக வரவில்லை, ஆனால் வந்தது. அதிகாரி எழுந்து நின்றார். அவர் எழுந்ததால் எல்லாரும் எழுந்தார்கள். பச்சையம்மாவுக்கு அந்த மராத்திப் பேச்சில் புரிந்தது ஒரே ஒரு சொல். மகனின் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டதும் அவர் வாயில் புடவைத் தலைப்பை வைத்து அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சால்வையைப் போர்த்தும்போதும் அழுதார். கணவர் கீழே நின்று கைதட்டிக்கொண்டே அழுதார்.

மேடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு நெருக்கடியில் அப்படி ஒரு வழி எனக்குத் தோன்றியிருக்காது. தலை வணங்குகிறேன். ஆனால் அந்த ஒரு பெயரால் பச்சையம்மாவின் நம்பிக்கை இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. அதுவரை அவர் நினைத்துக்கொண்டிருந்தது, இப்போது ஊரறிந்த உண்மை ஆகிவிட்டது.

அதிகாரி போனார். நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தார்கள். பச்சையம்மாவின் ஆட்கள் சமோசா தட்டோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் சால்வையோடு வந்து என் முழங்கையைத் தொட்டு, கல்லுக்கு முன்னால் அழைத்துப்போனார். இடது உள்ளங்கையில் குங்குமப் பொட்டலம்.

"அக்கா, எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அஞ்சாவது வரைக்கும் போனேன். இந்த எழுத்துத்தான் ஒண்ணும் புரியல. இதுல எம் புள்ள பேரு எது? கொஞ்சம் தொட்டுக் காட்டுங்களேன். எங்க வைக்கிறதுன்னு தெரியாம மேலாப்புல வெச்சிக்கினு இருக்கேன். பேரு மேலயே பொட்டு வெக்கணும்னு ரொம்ப நாளா ஆசக்கா."

நீங்கள் வந்து கேட்டீர்களே, எழுத்து எவ்வளவு ஆழம் என்று. இதோ சொல்கிறேன். என் விரலுக்கு முன்னால் நான் எழுதிய வரிகள், ஒவ்வொரு எழுத்தும் ஆழமாக வெட்டப்பட்டு நின்றன. ஏதாவது ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டியிருக்கலாம். ஆறு என்று ஒரு சொல் இருந்தது. மண் என்று ஒரு சொல் இருந்தது. எதைத் தொட்டிருந்தாலும் அந்த அம்மா அதன்மேல் குங்குமம் வைத்து, வாழ்நாள் முழுக்க அதைத் தடவிக்கொண்டு இருந்திருப்பார். யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று தோன்றத்தான் செய்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். நாளைக்குப் பேப்பரில் படத்தோடு வரும். இட்லி வாங்க வருகிறவன் எவனாவது பேப்பரைக் காட்டி, உன் பையன் கல் இல்லையாமே என்று வாசித்துச் சொல்வான். நடுத்தெருவில், வண்டி முன்னால், சாம்பார்க் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்க விடுவதா? அதைவிட, அவர் பாஷையில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி சொல்லட்டும். அதோடு, கல்லில் இல்லாததை இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

"பச்சையம்மா, இதுல ஏழுமலை பேரு இல்லம்மா."

"மைக்குல சொன்னாங்களே?"

"மைக்குல சொன்னாங்க. கல்லுல இல்ல. இது அவனுக்காக வெச்ச கல்லு இல்லம்மா. நீங்க மனு குடுத்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது."

அவர் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இது யாருதுக்கா?"

சொன்னேன். நோய் வந்த கதை, கொட்டகை போட்ட கதை, உறவினரைக் கிட்ட விடாத கதை. அவர் வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அவங்க பேராச்சும் இருக்குதா?"

"இல்ல. பேரு தெரியாதுன்னுதான் கடைசி வரியில எழுதியிருக்கு."

"பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அழவில்லை. மேடையில் அத்தனை அழுதவர் இப்போது அழவே இல்லை. திடீரென்று, "ஐயய்யோ" என்று பதறிப்போய்ப் புடவைத் தலைப்பைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்தார். "அடுத்தவங்க கல்லாச்சேக்கா. நான் பாட்டுக்குப் பொட்டு வெச்சிக்கினு, எம் புள்ள பேரச் சொல்லிக் கூப்டுக்கினு... அவங்க ஆவி இன்னா நெனச்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கல்லின் தலைப்பிலிருந்த குங்குமத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தார். புதுப் புடவையின் தலைப்பு சிவந்துபோயிற்று. மல்லிகையை எடுத்துச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டார். தோளிலிருந்த சால்வையை எடுத்து மடித்தார். தேங்காயையும் அதன்மேல் வைத்து என்னிடம் நீட்டினார்.

"இது அவங்க வூட்டு ஜனங்களுக்குப் போடறதுக்கு வெச்சது. எனக்கு வாணாம்."

"ஐயோ, வேண்டாம் பச்சையம்மா, உங்களுக்குத்தான் போட்டாங்க, வெச்சுக்கோங்க" என்று கெஞ்சினேன். வாங்கவே இல்லை. கல்லின் காலடியில் வைத்துவிட்டார்.

"எங்க ஆளுங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க சொல்லாதீங்க. அவரு தாங்க மாட்டாரு" என்றார். பிறகு கேட்டார், "நீங்க கல்லு வெக்கறவங்கதானே? எம் புள்ளைக்கி ஒண்ணு வெச்சித் தருவீங்களா? சின்னதா இருந்தாப் போதும்."

எங்கள் விதியை அவருக்குச் சொன்னேன். வேறென்ன செய்வேன்? நடந்து ரொம்பக் காலம் ஆன விஷயத்துக்குத்தான் எங்கள் அறக்கட்டளை கல் வைக்கும், இப்போது நடந்ததற்கு வைக்க விதி இல்லை என்று. சொல்லும்போதே என் நாக்கு கூசியது.

பச்சையம்மா கோபப்படவில்லை. யோசித்துவிட்டு, சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார்: "பழசானாத்தான் வெப்பீங்களா? அப்ப பாக்கறதுக்கு நான் இருக்க மாட்டேனேக்கா."

அவர் போன பிறகு நானும் மேடமும் ஜீப்பில் உட்கார்ந்திருந்தோம். நான் எடுத்துவந்த அந்தச் சால்வை எங்களுக்கு நடுவில் இருந்தது. மேடம் வெளியே பார்த்துக்கொண்டே, "நம்ம கல்லை ஒருத்தி நேசிக்கிறான்னு நம்ப எவ்வளவு ஆசைப்பட்டுட்டோம் பாரு" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். நான் உண்மையைச் சொன்னதைப் பற்றி அவர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

பலர் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், ஒரு தாயின் நிம்மதியைக் கெடுத்துவிட்டாய் என்று. கெடுத்தேன்தான். மறுபடியும் அந்த நாள் வந்தாலும் சொல்லத்தான் செய்வேன். ஆனால் உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு ஆகவில்லை. உங்கள் கல்லில் என்றைக்காவது பூவைப் பார்த்தால், பூரித்துப் போய்ப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். யார் வைத்தார்கள், யாருக்கு வைத்தார்கள் என்று போய்க் கேளுங்கள், அவர்கள் பாஷையில் கேளுங்கள்.

அதன்பிறகு நான் அந்த வளைவுக்காக அலைந்தேன். மேடமும் குழுவில் கத்திப் பார்த்தார். விதியை மாற்றினால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்றார்கள். சாலையைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் போனேன். ரோட்டில் செத்தவனுக்கெல்லாம் கல் வைத்தால் நடப்பதற்கு இடம் இருக்காது அம்மா என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மேசையைத் தட்டிக் கத்திவிட்டு வந்தேன், அதனால் ஒன்றும் ஆகவில்லை. வேகத்தடை மட்டும் எப்படியோ வந்தது. கல் வரவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு நாள் காலை அங்கே போனேன். எங்கள் கல் சுத்தமாக இருந்தது. எழுத்துகள் தூரத்திலிருந்தே தெரிந்தன. பொட்டும் இல்லை, பூவும் இல்லை, நின்று படிப்பவரும் இல்லை. கொஞ்சம் தள்ளி, அந்த விளக்குக் கம்பத்துக்குக் கீழே, நடைபாதை விளிம்பில், வெறும் தரையில் ஒரு முழம் மல்லிகை இருந்தது. பக்கத்தில் விரலால் இட்ட ஒரு குங்குமப் பொட்டு.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துப்புரவு செய்கிற பெண் துடைப்பத்தோடு வந்தார். பால் பாக்கெட், இலைச் சருகு, சிகரெட் துண்டு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே கம்பத்துக்குக் கீழே வந்து, அந்தப் பூவையும் சேர்த்துத் தள்ளினார். நான் பாய்ந்து போய், "அதை மட்டும் விட்டுடுங்க தாயி, ஒரு அம்மா தன் பிள்ளைக்காக வைக்கிற பூ" என்று மராத்தியில் சொன்னேன்.

அவர் துடைப்பத்தை நிறுத்தி என்னைப் பார்த்தார். அவர் கண்ணிலும் கனிவு இருந்தது, அதை நான் சொல்லியாக வேண்டும்.

"எனக்கும் தெரியும்மா. தினமும் வைக்கிறாங்க, தினமும் நான்தான் அள்ளறேன். விட்டா முகாதம் என்னைத் திட்டுவார்" என்றார். முகாதம் என்றால் அவர்களுடைய மேஸ்திரி. பிறகு எங்கள் கல்லைக் கையால் காட்டினார். "அதோ அந்த மாதிரி ஒரு கல்லு இருந்தா, அதுமேல இருக்கிற பூவை யாரும் தொட மாட்டாங்க. தரையில கிடந்தா குப்பைதானே."

சொல்லிவிட்டு மல்லிகையைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, அடுத்த கம்பத்தை நோக்கிக் கூட்டிக்கொண்டே போனார்.